பயணியரைப் பங்காளராக்கிய பெருமகன்: வ.உ.சி.

ஏலமலைச் சரிவுகளில் விளைந்த காய் போடிநாயக்கனூருக்கு இறங்கி வந்தபின், அதன் நிறமும் பருமனும் மணமும் பார்த்து விலை குறிக்கப்படுகிறது. அந்த விலை ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஓராண்டு தோட்டக்காரரைச் செல்வராக்கிய காய், மறு ஆண்டே அவரைக் கடனாளியாக்குவதும் உண்டு. ஆயினும், பக்கத்துக் கடையில் நாலணா கூடுதலாகக் கிடைக்கும் என்று அறிந்தும் பழைய கடைக்கே சரக்கைக் கொண்டுவந்து இறக்குவோர் எல்லா வாணிக ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களைக் கணக்குத் தெரியாதவர் என்று எவரும் எண்ணுவதில்லை. இவ்வுறவைத் தமிழர் வாடிக்கை என்ற ஒரே சொல்லால் குறித்தனர். வழக்கம் என்ற பொருளும் உறவு என்ற பொருளும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கியிருப்பது எண்ணத்தக்கது.

இத்தகைய வாடிக்கையை ஒரு கடைக்காரர் தம் வாழ்நாள் முழுதும் முயன்று ஒரு தெருவில் உண்டாக்கலாம். ஓர் ஊரில் உண்டாக்கலாம். அதனை ஈராண்டுக்குள், கடலின் இரு கரைகளிலும், ஆயிரக்கணக்கான மக்களிடையே உண்டாக்கிக் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் வாணிகத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர், வழக்கறிஞர். தமிழ்ப் புலமை மிக்கவர். கப்பலோட்டிய தமிழர் என்று நாடு போற்றும் வ.உ. சிதம்பரம்பிள்ளை அவர்களே அப்பெருமகனார். நாட்டு விடுதலைக்காகச் செக்கிழுத்த செம்மலாக அவரைப் பலரும் அறிவர். மக்களின் நம்பிக்கையை முதலாகக் கொண்டு ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர் என்ற முறையில் அவர்தம் வாழ்வை நோக்குவதும் இன்றியமையாதது.

பிறப்பும் சூழலும்

திருநெல்வேலிச் சீமையில், பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் சட்டம் பயின்று தேர்வில் வென்று, ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளை ஊதியம் கருதாது ஏற்று நடத்தினார் என்பதும், காவல் துறையினர் தொடுத்த வழக்குகளில் எளியோர் பக்கம் நின்று வாதாடினார் என்பதும் அவரைப் பற்றி அந்நாளிலேயே பரவிய செய்திகள். 1900ஆம் ஆண்டளவில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

பிற்காலத்தில் அவர் நாடிய மக்கள் எவரும் அவருக்குப் புதியவர் அல்லர் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். உப்பளத் தொழிலாளியும், படகோட்டியும், சிறு வணிகரும் நீதிமன்றப் படிகளில் அவரைக் கண்டிருந்தனர். ஒரு நிறுவனம் பிறக்குமுன்னரே அதன் தலைவர் மீது மக்களுக்குப் பற்றுதல் பிறந்துவிட்டது. பங்குப் பத்திரத்தை நீட்டிய கை, தங்களுக்காக வழக்காடிய கை என்பதை அவர்கள் மறக்கவில்லை.

வங்கப் பிரிவினையை ஒட்டி 1905இல் எழுந்த சுதேசி இயக்கம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சுதேசிப் பண்டகசாலை, தரும சங்க நெசவுசாலை முதலான முயற்சிகளில் அவர் ஈடுபட்டார். அயல்நாட்டுத் துணியை எரித்துவிட்டால் மட்டும் போதாது, உடுக்க உள்நாட்டுத் துணி வேண்டும் என்ற தெளிவு அவருக்கிருந்தது. அத்தெளிவே அவரைத் துணியிலிருந்து கப்பலுக்கு இட்டுச் சென்றது.

கடலும் ஒற்றை ஆட்சியும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழி அந்நாளில் தென்தமிழகத்தின் உயிர்நாடியாக இருந்தது. அரிசியும் துணியும் கருவாடும் அவ்வழியே சென்றன. தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடிய மக்கள், சிலர் மேற்கே ஏலமலைக் காடுகளுக்கு ஏறினர். சிலர் கிழக்கே கடல் கடந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். மலையேறியவருக்குக் கால்கள் போதும். கடல் கடப்பவருக்கோ கப்பல் வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பல் வழி 1914இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்த் தூத்துக்குடித் துறைமுகமே பெருவாயிலாக விளங்கியது.

அவ்வாயிலின் திறவுகோல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணத்தையும், சரக்கு ஏற்றும் முறையையும் அக்கம்பெனியே வகுத்தது. வேறு கப்பல் இல்லாத கடலில், பயணி வாடிக்கையாளர் ஆகார், சிறைப்பட்டவரே ஆவார். வருகின்ற கூட்டத்தைக் கண்டு அது தன் மீதுள்ள அன்பு என்று ஒற்றை ஆட்சி நடத்தும் நிறுவனம் எண்ணிக்கொள்வது உலகியல்பு. அவ்வெண்ணம் பொய் என்பதைத் தூத்துக்குடி மக்கள் விரைவிலேயே மெய்ப்பித்தனர்.

கம்பெனி பிறந்த கதை

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக அமைந்தவர் பாலவநத்தம் குறுநிலமன்னர் பொன். பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளல். தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் கைகொடுத்தது என்பது இலக்கிய அன்பர்கள் எண்ணி மகிழத்தக்க செய்தி. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் இசுலாமிய வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்துக் கம்பெனிக்கு உயிரூட்டினார். சிதம்பரனார் துணைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். பதவி துணையாயினும் பாரம் முழுமையும் அவர் தோளிலேயே அமர்ந்தது.

இக்கம்பெனியின் அமைப்பில் மூன்று நுட்பங்கள் காணப்படுகின்றன.

முதலாவது, பங்கின் விலை. 25 ரூபாய் அந்நாளில் சிறுதொகை அன்று. எனினும் சிறு வணிகரும், எழுத்தரும், ஆசிரியரும் முயன்றால் எட்டிவிடக் கூடிய தொகை. ஆயிரம் ரூபாய்ப் பங்குகளாக வகுத்திருந்தால் சில பெருஞ்செல்வரோடு வேலை முடிந்திருக்கும். சிதம்பரனார் செல்வரை நாடவே செய்தார். ஆனால் அவர்களோடு நின்றுவிடவில்லை. கப்பலில் ஏறப்போகிறவரே கப்பலுக்கு உரியவராகவும் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, பங்காளர் யார் என்ற வரையறை. இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டினர் ஆகியோருக்கே பங்குகள் உரியன என்று விதி செய்யப்பட்டது. கொழும்பிலிருந்த வணிகர்க்கும் இதனால் இக்கப்பல் தம்முடையதாயிற்று. கப்பல் இரு கரைகளுக்கும் இடையே ஓடுவது. ஒரு கரையார் மட்டும் விரும்பினால் பாதி வழி வெறுங்கப்பலாகத் திரும்ப நேரும் என்ற நடைமுறை அறிவும் இவ்விதியில் உள்ளது.

மூன்றாவது, நோக்கங்களின் விரிவு. ஆதாயத்துக்காகக் கப்பலோட்டுவதோடு, நம்மவர்க்குக் கப்பல் செலுத்தும் கலையையும் கப்பல் கட்டும் தொழிலையும் கற்பிப்பதும் கம்பெனியின் குறிக்கோள்களாக எழுதப்பெற்றன. பங்கு வாங்கியவர் ஆண்டு இறுதியில் கிடைக்கும் ஆதாயத்தை மட்டும் வாங்கவில்லை. தம் பிள்ளைகள் மாலுமியாகும் நாளையும் சேர்த்தே வாங்கினர்.

மேலைநாட்டிலும் இதற்கொப்பான முயற்சி ஒன்று நிகழ்ந்ததுண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலான 28 உழைப்பாளிகள் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தனர். வாங்குபவரே உடைமையாளர் என்ற அவ்வமைப்பிலிருந்தே கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் பரவியது. ராச்டேல் கடை மாவும் வெண்ணெயும் விற்றது; தூத்துக்குடிக் கம்பெனியோ ஒரு பேரரசின் கடல்வழியில் போட்டியிட்டது. ஆகவே, முன்னதற்கு நேராத இடர்கள் பின்னதற்கு நேர்ந்தன.

பாரதியார் தம் இந்தியா இதழில் இக்கம்பெனிக்காக ஓயாது எழுதினார். கவிஞரும் வணிகரும் ஒரே கூடாரத்தில் நின்ற அரிய காலம் அது. விளம்பரம் என்பது கூலிக்கு எழுதும் புகழுரை என்ற எண்ணம் பரவியுள்ள இந்நாளில், தாம் நம்பிய ஒன்றுக்காக ஒரு பெருங்கவிஞர் தம் எழுத்தை அளித்தமை நினைக்கத்தக்கது.

கப்பல் இன்றிக் கழிந்த நாள்கள்

கம்பெனி பிறந்ததே தவிர, சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல்கள் பெற்று ஓட்டத் தொடங்கினர். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை உடன்பாடு முறிந்தது. பங்காளர் கலங்கினர். சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வந்து, ஓட்டம் தடைப்படாது காத்தார்.

இந்நிகழ்ச்சியின் உட்பொருளை வணிகர் எளிதில் உணர்வர். கடையை ஒரு நாள் மூடினால் வாடிக்கையாளர் மறுநாள் வருவார்; ஒரு மாதம் மூடினால் அவர் கால்கள் வேறு கடைக்குப் பழகிவிடும். பேச்சால் திரட்டிய பற்றுதலைச் செயலால் நாள்தோறும் நிலைநிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் இழப்பு வந்தாலும் கப்பல் ஓடவேண்டும் என்று முடிவு செய்தார்.

பின்னர்ச் சொந்தக் கப்பல் வாங்குவதற்காக அவர் வடக்கே சென்றார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் விழுந்து மாய்வேன் என்ற உறுதியோடு புறப்பட்டார் என்பது வரலாறு. அவ்வேளையில் மைந்தன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். 1907ஆம் ஆண்டு மே மாதத்தில் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடித் துறையை அடைந்தது. பிரான்சு நாட்டிலிருந்து லாவோ என்னும் மற்றொரு கப்பலும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணியரையும் பெருஞ்சரக்கையும் தாங்கவல்லது. கரையில் கூடிய மக்கள் திருவிழாக் கண்டவர்போல் ஆர்ப்பரித்தனர்.

இலவசப் பயணமும் குடையும்

போட்டி தொடங்கியது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. இறுதியில் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணமே வேண்டா என்று அறிவித்து, ஏறியவர்க்கு ஒரு குடையும் இலவசமாக வழங்க முன்வந்தது. அத்தகைய நிலையிலும் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர்.

இதன் அருமையை அறிய, இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் பம்பாயில் நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நலம். இந்தியத் தொழில்துறையின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜாம்ஷெட்ஜி டாட்டா, கீழை நாடுகளுக்குச் சரக்கேற்றும் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியின் ஒற்றை ஆட்சியை உடைக்க, ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் துணையோடு 1890களில் கப்பல் விட்டார். பி. அண்டு ஓ. கம்பெனி சரக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. அவருக்கு ஆதரவு கூறிய வணிகரே அக்குறைந்த கட்டணத்தைத் தேடி ஓடினர். டாட்டாவின் கப்பல்கள் நின்றன. டாட்டாவிடம் செல்வம் இருந்தது, திறமை இருந்தது, நாட்டுப்பற்றும் இருந்தது. அவர்க்கு வாய்த்த வணிகர் கட்டணம் செலுத்துவோராகவே இருந்தனர்; கப்பலில் உரிமை உடையவராக இருக்கவில்லை.

தூத்துக்குடியில் குடையை மறுத்தவர் பெருவணிகர் மட்டும் அல்லர். வெயிலில் நடந்தே துறைமுகம் வந்து சேர்ந்த எளியவரும் அவருள் இருந்தனர். அரை ரூபாய் அவர்க்கு ஒரு நாளைய உழைப்புக்கும் மேலானது. இலவசம் என்பது ஒரு நாள் விருந்து; எதிரி ஒழிந்தபின் அதற்கும் சேர்த்து விலை பெறப்படும் என்பதைச் சிதம்பரனார் மேடைதோறும் எளிய தமிழில் விளக்கியிருந்தார். விலைக்குறைவைக் காட்டி ஈர்க்கப்பட்டவர் அதனினும் குறைந்த விலை கண்டால் பிரிவர். காரணம் உணர்ந்து சேர்ந்தவர் அத்தனை எளிதில் பிரியார். சிதம்பரனார் தம் மக்களுக்குக் கட்டணச் சலுகையைவிடக் காரணத்தையே மிகுதியாகக் கொடுத்தார்.

அவரையே விலைக்கு வாங்கும் முயற்சியும் நடந்தது. கம்பெனியை விட்டு விலகினால் பெருந்தொகை தருவதாகக் கூறப்பட்டது. அவர் மறுத்தார். பயணி குடையை மறுத்ததற்கும் தலைவர் பொற்கிழியை மறுத்ததற்கும் வேறுபாடு இல்லை. தலைவர் ஏற்றிருந்தால் பயணி மறுத்தது ஏளனமாய் முடிந்திருக்கும்.

துறைமுகத்திலிருந்து ஆலைக்கு

கப்பலின் பொருட்டுத் திரண்ட உறவு கப்பலோடு நிற்கவில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். ஊரே தொழிலாளர் பின் நின்றது. ஆங்கிலேயர் பக்கம் சார்ந்த வழக்கறிஞர் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, அச்சார்பை அறிந்ததும் பாதியில் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்து சென்றார் என்ற நிகழ்ச்சி அந்நாளைய ஊரின் உள்ளத்தைக் காட்டும். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. ஆலை நிருவாகம் இணங்கியது.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஒரு கம்பெனியின் பொறுப்பாளர் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் தலையிட்டது வாணிக நலனுக்கு ஏற்றதா? கம்பெனியினுள்ளேயே அரசியலையும் வாணிகத்தையும் தனித்தனியே வைக்க விரும்பியோர் இருந்தனர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்துக்கு அவர்கள் பொறுப்பாளர். ஆனால், அக்கம்பெனியின் மெய்யான மூலதனம் மக்களின் பற்றுதலே. கப்பலில் ஏறும்போது நம்மவர், ஆலையில் பசித்திருக்கும்போது அயலவர் என்று சிதம்பரனார் மக்களைப் பகுத்துப் பார்த்திருப்பாராயின் அப்பற்றுதலே தோன்றியிராது. அவர் கம்பெனியை உயர்த்திய அதே பண்பு, கம்பெனியை ஆபத்துக்கும் உள்ளாக்கியது. இவ்விரண்டையும் பிரிக்க இயலாமையே அவர் வாழ்வின் அவலம்.

சிறையும் கலைப்பும்

1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. கடைகள் அடைபட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. ஒரு கப்பல் கம்பெனியின் பொறுப்பாளருக்காக ஒரு மாவட்டமே எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு குற்றங்களுக்குமாக நாற்பதாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் வாடினார். மாடுகள் இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார்.

வெளியே கம்பெனி தளர்ந்தது. அதிகாரிகளின் பகை ஒருபுறம். கட்டணப் போட்டியால் வந்த இழப்பு மறுபுறம். இவை இரண்டினும் கொடியது, மக்களையும் கம்பெனியையும் பிணைத்து நின்ற ஒருவர் இல்லாமை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்க்க வாங்கப்பட்டதோ, அதே போட்டிக் கம்பெனிக்கே காலியா கப்பல் விற்கப்பட்டது. விற்ற செய்தி சிறைக்குள் அவர் செவியை எட்டியபோது, சிறைத் துன்பம் அனைத்தினும் அது பெரிதாயிற்று. பாண்டித்துரைத் தேவரும் அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பெனியின் அழிவுக்கு அவரே காரணர் என்று பலர் கருதியிருந்தனர்.

இலவசத்துக்கும் குடைக்கும் அசையாத மக்கள் எங்கே போயினர் என்ற வினா இயல்பாக எழும். அவர்கள் மாறினர் என்று கூறுவதற்கில்லை. ஏறுவதற்குக் கப்பல் இல்லாதபோது பயணி என் செய்வார்? பற்றுடைய மக்கள் இருந்தனர். அப்பற்றை ஏந்திக்கொள்ளும் அமைப்பு இல்லை. சிதம்பரனாருக்கு அடுத்து அப்பணியை ஏற்கவல்லார் ஒருவரை ஆயத்தம் செய்வதற்கு அவருக்குக் காலம் அளிக்கப்படவில்லை. கப்பல் நீர்மேல் மிதந்த காலம் முழுதும் கூட்டினால் நான்கைந்து ஆண்டுகள். அதில் அவர் உடனிருந்தது ஈராண்டுக்கும் குறைவு.

மறதியும் கடனும்

1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். கைதான நாளில் மாவட்டமே எழுந்ததற்கு மாறாக, சிறை வாயிலில் வரவேற்க வந்தோர் மிகச் சிலர். சிறையில் பெற்ற தொழுநோயால் உருமாறிய சுப்பிரமணிய சிவா அவருள் ஒருவர். வழக்கறிஞர் தொழிலுக்குரிய சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் அவர் வாழ்வு வறுமையில் கழிந்தது. சிறு வாணிகம் செய்து பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலுக்குத் திரட்டியவருக்கு, தம் சிறு கடைக்கு ஆள் சேர்க்கத் தெரியவில்லை. தமக்கென்று கேட்பதற்கு அவர் நா எழாததே அதன் காரணம் ஆகலாம்.

எனினும் எல்லாரும் மறந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர், சிதம்பரனாரின் துயர் அறிந்து தம்முள் பணம் திரட்டினர். அத்தொகை காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. அது குறித்து 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. அக்கடிதங்களை ஆராய்ச்சியாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து வெளிக்கொணர்ந்துள்ளார். இறுதியில் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனார் கைக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியோருள் பலர் அவர் கப்பலைக் கண்ணாலும் கண்டிராதவர். கப்பல் போய்விட்டது, பங்குப் பத்திரம் வெறுந்தாளாயிற்று, ஆயினும் அக்கப்பலின் வாடிக்கை எஞ்சியிருந்தது என்பதற்கு அந்த 12 அணாவும் சான்று.

வாலிஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் பரிவால் அவர் சன்னது மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். எதிரி நாட்டவரேயாயினும் நன்மை செய்தவரை நினைப்பது அவர் இயல்பு. கோவில்பட்டியில் தொழில் நடத்திப் பின்னர்த் தூத்துக்குடிக்கே மீண்டார். சிறைக்குள்ளும் வெளியிலும் அவர் தமிழ்ப்பணி ஓயவில்லை. ஜேம்ஸ் ஆலன் நூல்களை மனம்போல வாழ்வு, அகமே புறம் என்பன முதலாகத் தமிழாக்கினார். மெய்யறிவு, மெய்யறம் ஆகிய நூல்களை யாத்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை வரைந்தார். தம் வரலாற்றையும் செய்யுளிலேயே பாடிவைத்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது.

மறைவுக்குப்பின் புகழ் வந்தது. 1944இல் ம.பொ. சிவஞானம் எழுதிய கப்பலோட்டிய தமிழன் என்னும் நூல் அவரை மீண்டும் மக்கள் நாவில் ஏற்றியது. 1961இல் அதே பெயரில் பி.ஆர். பந்துலு எடுத்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் சிதம்பரனாராக நடித்தார். யாவரும் போற்றிய அப்படம் அரங்குகளில் தோற்று, எடுத்தவருக்கு இழப்பையே தந்தது. போற்றுவோர் தொகையும் சீட்டு வாங்குவோர் தொகையும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. அவர் கப்பலை இழந்த அதே துறையில் இன்று வந்து நிற்கும் கப்பல்கள் யாவும் அவர் பெயர் எழுதிய வாயிலிலேயே நங்கூரம் இடுகின்றன.

வாழ்வு கூறும் செய்தி

சிதம்பரனார் வாணிகத்தில் தோற்றவர் என்று கணக்கெழுதுவோர் உளர். வரவு செலவு ஏட்டின்படி அது மெய்யே. ஆயினும் அவ்வேட்டில் எழுதப்படாத வரவு ஒன்று உண்டு. வாங்குபவரைக் காசு கொடுக்கும் கையாக மட்டும் எண்ணாது, தம்மோடு ஒத்த உரிமையும் பொறுப்பும் உடைய மனிதராக எண்ணினால், எளிய மக்களும் இலவசத்தை மறுப்பர் என்பதை அவர் நிறுவினார். அவர்க்கு முன்னரும் பின்னரும் பெருஞ்செல்வர் பலர் இதனைச் செய்ய இயலாது நின்றனர்.

அவர் வாழ்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது. ஒருவரைச் சுற்றித் திரண்ட அன்பு, அவர் இல்லாத நாளிலும் நிலைக்க வேண்டுமாயின், அவ்வன்பின் பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமக்க வேண்டும். கடைக்கும் இது பொருந்தும், கப்பலுக்கும் பொருந்தும், திங்கள்தோறும் பாயை விரித்துக் கவிதை படிக்கும் சிறு சங்கங்களுக்கும் பொருந்தும். தலைவர் சிறைப்பட்டபோது, தளராது கப்பலைச் செலுத்துவதற்குத் தூத்துக்குடியில் பத்துப்பேர் முன்வந்திருந்தால் தென்னகக் கடலின் வரலாறே வேறாகியிருக்கும்.